ஸ்கேல்-அப்: பெருக்கமா, பேரளவாக்கமா, அளவேற்றமா?
(ஒரு குழு உரையாடல்; பேசுவோர் தத்தம் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்)

உதகை:
நண்பர்களே, உயிரித்தொழில்நுட்ப மேலாண்மைக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஐந்தாம் பாடம் முழுக்க 'ஸ்கேல்-அப்' என்றே கிடக்கிறது. செல் வளர்க்கும் 5 லிட்டர் கலனில் கிடைத்ததை 500 லிட்டரில் எடுப்பதற்கு ஒரு சொல் தாருங்கள்.

கோத்தகிரி:
'பெருக்கம்' இருக்க வேறெதற்கு? ஆடிப்பெருக்கு அறியாதவர் உண்டா? குறளும் (963) பெருக்கத்துக்கு எதிராகச் சுருக்கத்தை வைக்கிறது. 'ஸ்கேல்-டவுன்' இலவசம்.

குன்னூர்:
ஐயா, அதே பாடத்தில் 'செல் பெருக்கம்' வருகிறதே! 'செல் பெருகினாலும் பெருக்கம் தோற்றது' என்று எழுதுவதா? இங்கே பெரிதாவது கலன். கொள்ளளவு 100 மடங்கானால் சுவர்ப்பரப்பு ஏறத்தாழ 22 மடங்குதான் ஆகும். சூடு வெளியேறத் திணறும். ஆக்சிஜன் போதவில்லையென்று கலக்கியை வேகமாகச் சுழற்றினால், நுண்மணிகளில் ஒட்டி வளரும் வீரோ செல்கள் (தடுப்பூசி தயாரிக்க உதவும் குரங்குச் சிறுநீரகச் செல்கள்) உரிந்துவிடும். 'பேரளவாக்கம்' என்பேன்.

கொடைக்கானல்:
நேர்முகத் தேர்வில் 'பேரளவாக்கம்' என்றால் எதிரே இருப்பவர் விழிப்பார். ஸ்கேல்-அப் என்றே விடுங்கள். அதைவிட அவசரம் 40ஆம் பக்கம்: ஆட்டோகிளேவுக்கு (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலம்) '15 பவுண்டு, 121 டிகிரி' என்றிருக்கிறது. அது கடல்மட்டக் கணக்கு. அழுத்தமானியின் முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டும். நம் மலையில் 15 பவுண்டில் ஏறத்தாழ 117 டிகிரிதான் வரும். 18, 19 வரை ஏற்ற வேண்டும், இல்லையேல் பாக்டீரியா வித்துக்கள் பிழைக்கும். ஒரு உற்பத்தித் தொகுதி ('பேட்ச்') கெட்டால் செல் வளர்ப்பு ஊடகம், சீரம், வாரக்கணக்கான கலன்நேரம் எல்லாம் சாக்கடைக்குத்தான்.

கோத்தகிரி:
ஆட்டோகிளேவை 'ஆவிக்கொப்பரை' ஆக்கலாமே. கொப்பரை என்ற சொல்லின் வேரை...

உதகை:
ஐயா, அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். 40ஆம் பக்கம் திருத்தப்படும்.

குன்னூர்:
இன்னொன்று. மேலாண்மைப் பாடமென்றால் கலனோடு நிற்கக்கூடாது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் தடுப்பூசி உற்பத்தி உரிமம் 2008 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டது நல்லுற்பத்தி நெறிகளை (ஜி.எம்.பி.) நிறைவேற்றாததற்காக. கட்டடம், காற்றோட்டம், ஆவணம் எல்லாமே அந்த நெறிகளுக்குள் அடக்கம். அடுத்தடுத்து மூன்று தொகுதிகள் ஒரே தரத்தில் வந்து காட்டும் வரை விற்பனை வருவாய் இல்லை. சம்பளமும் மின்கட்டணமும் மட்டும் ஓடும். பெரிய தொட்டிக்குப் பணம் ஒதுக்கி இந்த மாதங்களுக்கு ஒதுக்காத நிறுவனம் அங்கேயே மூச்சுத் திணறும். சொல் எதுவானாலும் இதையும் தாங்க வேண்டும்.

உதகை:
'அளவேற்றம்' என்று வைக்கிறேன். முதலில் வருமிடத்தில் பக்கத்திலேயே 'ஸ்கேல்-அப்' இருக்கும். சரிதானே?

கொடைக்கானல்:
பக்கத்தில் இருக்குமானால் சரி.

குன்னூர்:
அரைமனதோடு சரி.

கோத்தகிரி:
ஏற்றம் கிணற்றில் நீர் இறைப்பது. அதைக் கட்டியவன் தொட்டியைப் பெரிதாக்கவில்லை. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பில் பேசுவோம்.