மலேசியக் கால்பந்து கோல்கீப்பர் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் ஆடியதைப் பார்த்தவங்க சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் இருக்கீங்களா?

லயத்துப் பிள்ளை:
1980 ஏப்ரல்ல மெர்டேக்கா ஸ்டேடியத்தில் தென்கொரியாவை 2-1ன்னு அடிச்சோமே, அதுக்குத் தோட்டத்து லாரியில போனோம். கோல்கம்பத்துக்குப் பின்னாடி இடம். எனக்கு ஒன்பது வயசு, ஆறுமுகத்தோட கைதான் கண்ணுல நிக்குது. அவ்வளவு நீளம். அதுல ஜெயிச்சு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும், மலேசியா அதைப் புறக்கணிச்சதால போகாத கதை உங்களுக்கே தெரியும்.

எங்க அண்ணன் தோட்டத்து டீம் கோல்கீப்பர். பேப்பர்ல வந்த ஆறுமுகம் படத்தை ரப்பர் பாலைத் தடவிப் பலகைச் சுவத்துல ஒட்டியிருந்தார். 1988 டிசம்பர்ல, கார் விபத்துல ஆறுமுகம் போயிட்டார்னு சேதி வந்த அன்னிக்கு, வேலைச் சட்டையைக்கூடக் கழட்டாம அதை உரிக்க ஆரம்பிச்சார். பால் இறுகிப்போய்ப் படம் கிழிஞ்சுது. முகம் மட்டும் அண்ணன் கையோட வந்துச்சு, விரிச்ச ரெண்டு கையும் சுவத்துலயே நின்னுபோச்சு. ஏன் உரிச்சீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் கேக்கல.

பாடாங் ராசா:
தம்பி, கோல்கீப்பரை மட்டும் சொன்னா எப்படி? ஹசான் சானி பந்தைக் கொடுத்து ஜேம்ஸ் வோங் அடிச்சதாலதான் ஜெயிச்சோம். தற்காப்புல சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் சுவர் மாதிரி நின்னாங்க. கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு டிவியில ஜன்னலுக்கு வெளியே நின்னு பார்த்தேன். அந்தக் கோல் விழுந்தப்போ முன்னாடி நின்னவர் குதிச்சு என் காலை மிதிச்சிட்டார். வலியே தெரியல.

பழைய பெரட்டு:
ரெண்டு பேரும் ஓட்டத்தை மறந்துட்டீங்க. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுல நம்ம மலேசிய ஓட்டக்காரர் ஜெகதீசனுக்கு 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம்னு மூணு தங்கம். பெண்கள் 400 மீட்டர்ல ராஜமணிக்குத் தங்கம். எங்க தோட்டத்துப் பள்ளியில வேகமா ஓடுற பொண்ணை எல்லாரும் ராஜமணின்னுதான் கூப்பிடுவோம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ல 200 மீட்டர் ஓடின 20.92 விநாடி, 2017 வரைக்கும் தேசியச் சாதனையா இருந்துச்சு!

லயத்துப் பிள்ளைக்கு ஒண்ணு சொல்றேன். மிச்சமிருக்கிற பேப்பரைப் பிளாஸ்டிக் உறையில போட்டு ஒட்டிடாதீங்க, மஞ்சளாகி நொறுங்கிடும். வெயில் படாத அட்டைப்பெட்டியில தட்டையா வைங்க. கரையான் வரும், அதனால தரையில வேணாம். முதல்ல போன்ல படம் எடுத்துக்குங்க, ரெண்டு பக்கமும், தேதி தெரியற மாதிரி. கிழிஞ்ச துண்டா இருந்தாலும் எடுங்க. அந்த முகத்தை அண்ணன் வச்சிருக்காரான்னு இந்த வாரமே கேளுங்க, அப்படியே ஏன் உரிச்சார்னும் கேட்டுடுங்க.