ஃபைனா ரனேவ்ஸ்கயா: சோவியத் சினிமா வீணடிச்ச நடிகையா?

பழைய_ரீல்:
ரெண்டு வாரமா ராத்திரி தூங்காம ரனேவ்ஸ்கயா நடிச்ச படங்களா தேடித்தேடி பாத்துட்டு இருக்கேன், பாக்கப் பாக்க வயிறு எரியுது. 1947ல சிண்ட்ரெல்லாவோட சித்தி, அதே வருஷம் 'வசந்தம்' படத்துல லியுபோவ் ஓர்லோவா ஹீரோயின், இவங்க வீட்டைப் பாத்துக்குற வேலைக்காரம்மா. வந்து ரெண்டு நிமிஷம் நின்னாலே மத்தவங்க யாரையும் கண்ணு பாக்க மாட்டேங்குது, ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துக்கு மேல தர மாட்டேங்குறாங்க. மனசார நடிக்க இடம் கிடைச்சதுன்னா மிகயில் ரோம் எடுத்த 'கனவு' ஒண்ணுதான். போர்டிங் ஹவுஸ் நடத்துற கஞ்சப்பிசினாறி ரோஸா, ஆனா மகன்னா உயிரை விடுற அம்மா. அதுவும் 1941ல எடுத்த படம், யுத்தத்துல மாட்டி 1943லதான் வெளிய வந்துச்சு. இதுக்குப் பேரு வீணடிச்சது இல்லாம வேற என்னங்க?

மேடைவெளிச்சம்:
நண்பா, நீங்க ஊறுகாயை மட்டும் தொட்டு நக்கிட்டு சாப்பாடு சரியில்லைன்னு சொல்றீங்க. அவங்க முதல்ல நாடக நடிகை. முதல் படம் 1934ல, மௌனப் படம், அப்பவே 38 வயசு. அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் மேடையில கழிஞ்சிருக்கு! எழுத்தாளர் செகோவ் பொறந்த அதே தகன்ரோக் ஊர்ல பணக்கார யூதக் குடும்பம், 1917ல குடும்பம் மொத்தமும் நாட்டை விட்டுப் போகுது, இவங்க மட்டும் நடிக்கணும்னு இருந்துட்டாங்க. பேரையே செகோவோட 'செர்ரித் தோட்டம்' நாடகத்துல இருந்துதான் எடுத்துக்கிட்டாங்க. பாவ்லா வுல்ஃப்னு ஒரு நடிகை கைபிடிச்சு சொல்லிக்குடுத்து, உள்நாட்டுப் போர் நேரத்துல கிரிமியாவுல பட்டினியோட மேடை ஏறியிருக்காங்க. 1936ல சோவியத் ராணுவத்தோட செம்படை தியேட்டர்ல, கார்க்கி எழுதுன நாடகத்தோட நாயகி வாஸா ஜெலெஸ்னோவாவா நடிச்சது இவங்கதான், ஒரு நடிகைக்கு அதை விடப் பெரிய ரோல் எங்க இருக்கு? மூணு ஸ்டாலின் பரிசு, அதுல ரெண்டு நாடகத்துக்கு. 1961ல சோவியத் யூனியனோட மக்கள் கலைஞர் பட்டம். இவங்களைப் போய் பாவம்னு சொல்றது எனக்கு ஒத்துக்கல.

பழைய_ரீல்:
பரிசை வெச்சு பேசாதீங்க சார். சினிமாவுக்குக் கிடைச்ச அந்த ஒரு ஸ்டாலின் பரிசு எதுக்கு? 1949ல வந்த பனிப்போர் பிரச்சாரப் படத்துல ஜெர்மன்காரி வேஷத்துக்கு. பரிசு குடுத்த அதே அரசாங்கம்தான் பெரிய டைரக்டர் ஐசன்ஸ்டைன் படத்துல நடிக்க விடல. அதையும் சொல்லுங்களேன்.

நீலவேணி:
அந்தக் கதை தெரியாதவங்களுக்காக நான் சொல்றேன். 'பயங்கர இவான்' படத்துல எஃப்ரோசினியா ரோலுக்கு ஐசன்ஸ்டைன் இவங்களைத்தான் கேட்டாரு. 1942 அக்டோபர்ல சினிமா இலாகா தலைவர் பல்ஷகோவ் மேலிடத்துக்கு எழுதுறாரு, ரனேவ்ஸ்கயாவோட யூத முகச்சாடை க்ளோசப்புல ரொம்பத் தெளிவா தெரியுது, அதனால வேணாம்னு. அவ்ளோதான், ரோல் செரஃபிமா பிர்மனுக்குப் போயிடுச்சு. நடிப்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட மனசு ஆறும். ஹிட்லர் ஆளுங்க யூதங்களைக் கொன்னு குவிச்சிட்டு இருந்த அதே வருஷம், அவனை எதிர்த்து சண்டை போடுற நாட்டுலயே ஒரு பொம்பளை மூஞ்சியைப் பாத்து இப்படி எழுதியிருக்காங்கன்னு நினைச்சா எனக்குத் தாங்கல.

மேடைவெளிச்சம்:
அது அநியாயம்தான் நீலவேணி, நான் மறுக்கவே இல்ல. ஆனா ஒரு ரோல் பிடுங்குனதை வெச்சு மொத்த வாழ்க்கையையும் தோல்வின்னு எழுதிடாதீங்க. 'புயல்' நாடகத்தைப் பாருங்க. மாஸ்கோவுல இருக்குற மொசோவியத் தியேட்டர்ல கள்ளச்சந்தைக்காரியா ஒரே ஒரு சீன். அந்த சீன் முடிஞ்சதும் பாதி ஜனம் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுமாம், அதுக்குத்தான் டிக்கெட்டே எடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. ஒரு சீனை வெச்சுக்கிட்டு ஒரு நாடகத்தையே தூக்கி நிறுத்துனவங்க!

கீழ்வரிசை_ரசிகன்:
அண்ணே, கதையைப் பாதியில நிறுத்திட்டீங்களே. அந்த சீனை அப்புறம் டைரக்டர் ஜவாத்ஸ்கி நாடகத்துல இருந்தே தூக்கிட்டாரு, அதையும் சேத்து சொல்லணும்ல. அப்போ மேடையிலயும் இவங்க நல்லா நடிச்சதே இவங்களுக்கு எதிரா திரும்பியிருக்கு. 1955ல மொசோவியத்தை விட்டு புஷ்கின் தியேட்டர் போயி, 1963ல திரும்ப அதே ஜவாத்ஸ்கிகிட்டயே வந்தாங்க. நிம்மதியா ஒரு இடத்துல இருந்த மாதிரி எனக்குத் தெரியல.

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துறது. இன்னிக்கு நெட்டுல ரனேவ்ஸ்கயான்னு போட்டா என்ன வருது? நக்கல் பொன்மொழி. அதுல எத்தனை நிஜமாவே அவங்க சொன்னது, எத்தனை பின்னாடி யாரோ எழுதி அவங்க தலையில கட்டுனதுன்னு யாருக்கும் தெரியாது. உயிரோட இருந்தப்பவும் இதே கதிதான், 1939ல ஒரு படத்துல புருஷனைப் பாத்து "மூல்யா, என்னை டென்ஷன் ஆக்காதே"ன்னு சொன்ன ஒரே வசனம், ஜென்மத்துக்கும் தெருவுல அதையே சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க, அவங்களுக்கு அது சுத்தமா பிடிக்காது. எழுதுன சுயசரிதையையும் அவங்களே அழிச்சிட்டாங்க. ஆக நடிகை எங்கயோ மறைஞ்சு போயி துணுக்கு மட்டும் மிச்சம் நிக்குது. வீணாப்போனதுன்னா நான் இதைத்தான் சொல்லுவேன்.

மேடைவெளிச்சம்:
துணுக்கு விஷயத்துல உங்க பக்கம்தான் நான். அதுக்கு மருந்தா ஒண்ணு சொல்றேன், பழைய_ரீல் நீங்களும் பாருங்க. 'இதன்பின் மௌனம்', எஃப்ரோஸ் டைரக்ஷன், 1969ல மேடை ஏறுச்சு, 1978ல டிவிக்காக படம் புடிச்சு வெச்சிருக்காங்க. கூட நடிச்சது ப்ளாத், அதான் 'வசந்தம்' படத்துல இவங்களோட வந்தவரு. வயசான புருஷன் பொண்டாட்டி, வீடு போயிடுச்சு, ரெண்டு பேரையும் சேத்து வெச்சுக்க எந்தப் பிள்ளைக்கும் மனசில்ல, ஆளுக்கொரு பக்கம் பிரிக்கிறாங்க. தன்னை முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் போறாங்கன்னு அந்தம்மாவுக்குத் தெரியும், ஆனா புருஷனுக்குத் தெரியக்கூடாதுன்னு ரயில் ஏத்தி அனுப்புற வரைக்கும் மூஞ்சில காட்டாம நிக்கும். அதுல ஒரு நக்கலும் இல்ல, ஒரு பொன்மொழியும் இல்ல.

நீலவேணி:
நான் அதை சப்டைட்டில் இல்லாமதான் பாத்தேன். ரஷ்யன் ஒரு வார்த்தை தெரியாது, அப்படியும் அழுதேன்.

பழைய_ரீல்:
நேத்து பாத்து முடிச்சேன். ப்ளாத் ஒவ்வொரு தடவை பேசும்போதும் அந்தம்மா கண்ணைத்தான் பாத்துட்டு இருந்தேன். சார், நீங்க சொன்னது சரி, மேடையைப் பாக்காம நான் பேசியிருக்கக் கூடாது. ஆனா என் கோவம் குறையல, ஏறிடுச்சு. எண்பது தாண்டுன பிறகு கேமராவைக் கொண்டுபோய் வெச்சிருக்காங்க. நீங்க சொன்ன 1936 வாஸா, அப்போ அவங்களுக்கு வயசு நாப்பது. அந்த வாஸாவை இனி யாரு பாக்க முடியும்?