2008 விண்டேஜ் ஷாம்பெயின்: எட்டுப் பேருக்கு ஒரு பாட்டில், எப்படிப் பரிமாறுவது?

கடலோடி:

பொலிஞ்சர் லா கிராந்த் அன்னே 2008 ஒரு பாட்டில் இருக்கிறது. விண்டேஜ், அதாவது அந்த ஒரே ஆண்டுத் திராட்சையில் செய்த ஷாம்பெயின். பெட்டியோடு, வெயில் படாத அலமாரியில் படுக்க வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள், அன்றைக்குத் திறக்கலாம் என்று எண்ணம். சாதாரண ஷாம்பெயின் திறந்து பழக்கம் உண்டு. இவ்வளவு வயதான பாட்டிலுக்கென்று தனிப் பக்குவம் ஏதும் இருக்கிறதா? எவ்வளவு குளிர வைப்பது? வீட்டில் ஒடுக்கமான ஃப்ளூட் கிளாஸ்தான் இருக்கிறது, அது போதுமா? ரெட் ஒயினைப் போல முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டுமா? ஒரு பாட்டில் எட்டுப் பேருக்குக் காணுமா?

நிலவறை:

காணும். 750 மி.லி.யில் நுரையோடு போவதைக் கழித்தால் தலைக்கு 90 மி.லி. தேறும். ஆனால் வந்தவர்கள் கையில் முதலில் இதைக் கொடுக்காதீர்கள். வரவேற்புக்கு விண்டேஜ் அல்லாத பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு, எல்லோரும் உட்கார்ந்த பிறகு இதை எடுங்கள். நின்றபடி சியர்ஸ் சொல்லி ஒரே மடக்கில் இறக்குவதற்கு இந்த ஒயின் வீண்.

குளிர்ச்சியில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு ஊற்றினால் ஒயின் 4, 5 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் வாசனை எழும்பாது, புளிப்பும் குமிழி குத்துவதும் மட்டும்தான் நாக்குக்குத் தெரியும். 2008இல் இது இன்னும் மோசம். அந்த ஆண்டு ஷாம்பெயின் பகுதியில் கோடை குளிர்ந்தும் மப்பாகவும் இருந்தது, செப்டம்பர்தான் கைகொடுத்தது. திராட்சை மெல்லப் பழுத்தது, புளிப்பு குறையாமல் நின்றது. அதனால்தான் இந்த ஆண்டு ஒயின்கள் இவ்வளவு காலம் தாங்குகின்றன. அதே காரணத்தால் அதிகம் குளிர்ந்தால் வெறும் எலுமிச்சைத் தண்ணீராகத் தெரியும்.

விண்டேஜ் ஷாம்பெயின் குறைந்தது மூன்று ஆண்டுகள் பாட்டிலுக்குள் முதிர வேண்டும் என்பது சட்டம், மற்றதற்கு 15 மாதம் போதும். பொலிஞ்சரின் இந்த வரிசை அதைவிட வெகு காலம் ஈஸ்ட் மண்டியோடு (நொதித்து முடித்துப் பாட்டிலுக்குள் படிந்த ஈஸ்ட்) கிடக்கும், முதல் நொதித்தலும் பழைய ஓக் பீப்பாயில் நடக்கும். சுட்ட ரொட்டி, வறுத்த கொட்டை, தேன் என்று இதில் கிடைக்கிற வாசனையெல்லாம் அந்த வழியில் வந்தவை. அவை வெளிப்படுவது 10 முதல் 12 டிகிரியில். கிளாஸில் விழுந்ததும் சூடு ஓரிரு டிகிரி ஏறிவிடும் என்பதால் 8, 9 டிகிரியில் ஊற்றத் தொடங்கலாம்.

செய்முறை: காலையிலேயே ஃபிரிட்ஜில் வைத்து, ஊற்றுவதற்கு 20 நிமிடம் முன் வெளியே எடுங்கள். அவசரமென்றால் ஐஸ் பக்கெட். பாதி ஐஸ், பாதி தண்ணீர், பாட்டில் கழுத்து வரை மூழ்கி 25 நிமிடம். வெறும் ஐஸை நிரப்பினால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும், பாட்டில் சீராகக் குளிராது. ஃப்ரீசர் பக்கமே போக வேண்டாம். மறந்துவிட்டால் ஒயின் உறைந்து பாட்டில் வெடிக்கும்.

ஃப்ளூட்டை உள்ளேயே வையுங்கள். வாய் குறுகலான அந்தக் குழாயில் கார்பன் டை ஆக்சைடு மேலே அடர்ந்து நிற்கும். முகர்ந்தால் மூக்கில் சுரீரென்று ஏறுவது அதுதான், ஒயின் வாசனை அதற்குள் அமுங்கிப் போகும். நடுவில் பருத்து வாய் சற்றுக் குவிந்த டியூலிப் கிளாஸ் நல்லது. இல்லையா, சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸே போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

வடக்குத்தெரு:

நிலவறை சொன்னது சரி. திறப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், ஆபத்து அங்கேதான்.

புது ஷாம்பெயின் பாட்டிலுக்குள் சுமார் 6 வளிமண்டல அழுத்தம் இருக்கும், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வயதாக ஆகக் கார்க் வழியே வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஆனாலும் 2008 பாட்டில் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு இன்னும் பலமாகத்தான் இருக்கும். பாட்டில் குளிர்ந்திருந்தால் அழுத்தம் இறங்கும். நுரை பொங்கி ஒயின் வீணாவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு: போதாத குளிர், இல்லையென்றால் திறப்பதற்கு முன் ஆட்டி அசைத்தது.

ஃபாயிலைக் கிழித்த பிறகு கட்டைவிரலைக் கார்க் தலையில் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். கம்பி வளையத்தை ஆறு அரைத் திருப்பு திருப்பினால் தளரும். கம்பிக்கூட்டைக் கழற்ற வேண்டாம், தளர்த்திவிட்டுக் கார்க்கோடு சேர்த்தே பிடியுங்கள், வழுக்காது. அந்த நொடியில் இருந்து கை கார்க்கை விட்டு விலகக் கூடாது. ஒரு துணியைச் சுற்றி, பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, யார் முகமும் விளக்கும் இல்லாத பக்கம் காட்டுங்கள். கார்க்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, அடியைப் பிடித்த கையால் பாட்டிலைத் திருப்புங்கள். கார்க் மேலே தள்ளத் தொடங்கும்போது இழுக்காதீர்கள், எதிர்த்து அழுத்துங்கள். டமார் என்று கேட்கக் கூடாது, புஸ் என்ற மெல்லிய சத்தம் போதும்.

பழைய கார்க்கில் சிக்கல் இரண்டு விதம். இறுகி ஒட்டிக்கொண்டால், கழுத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் காட்டித் துடைத்துவிட்டுத் திருப்புங்கள், அல்லது ஷாம்பெயின் இடுக்கி பயன்படுத்துங்கள். தலை மட்டும் உடைந்து கையோடு வந்துவிட்டால் பதற வேண்டாம். உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கிறது, அதை மறக்கக் கூடாது. கழுத்தின் மேல் துணியைப் போர்த்தி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கார்க் ஸ்க்ரூவை மெல்ல இறக்குங்கள். துளை வழியே வாயு வெளியேறி முடிந்த பிறகே இழுக்க வேண்டும்.

வெளியே வந்த கார்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதிதாக அடைத்த கார்க் அடிப்பக்கம் பாவாடை போல விரியும். வெகு நாள் அடைந்து கிடந்தது விரியாமல் நேராக, முளை போலவே நிற்கும். பொலிஞ்சர் இந்த வரிசையில் மண்டி நீக்கிய தேதியைப் பின் லேபிளில் அச்சிடுவார்கள், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேதி பழையதானால் காளான், காப்பிக்கொட்டை, உலர்பழம் பக்கம் சாய்ந்திருக்கும். அண்மையதானால் இன்னும் விறைப்பாக இருக்கும்.

வாளால் கழுத்தை வெட்டும் வித்தையை இதில் காட்ட நினைத்தால் தயவுசெய்து வேறு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம்பிறை:

ஃப்ளூட்டை அடியோடு ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நிலவறை சொல்லும் கிளாஸில் வாசனை நன்றாக வரும், சரி. ஆனால் வயதான பாட்டிலில் குமிழி ஏற்கெனவே குறைந்திருக்கும், அகன்ற கிளாஸில் அதுவும் வேகமாகப் போய்விடும். 1990களின் பாட்டிலாக இருந்தால் நான் ஒடுக்கமான டியூலிப்பைத்தான் எடுப்பேன். 2008க்கு வெள்ளை ஒயின் கிளாஸ் தாங்கும்.

முன்கூட்டித் திறந்து வைப்பதும், கராஃப் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைப்பதும் வேண்டாம். ஊற்றும்போதே நிறைய வாயு போய்விடுகிறது. காற்றுப் பட வேண்டுமானால் கிளாஸிலேயே பத்து நிமிடம் இருக்கட்டும்.

ஊற்றுகிற விதம் முக்கியம். பியருக்குச் செய்வது போலக் கிளாஸைச் சாய்த்து, சுவரை ஒட்டி வழிய விட்டால் வாயு அதிகம் தங்கும். பிரான்சின் ரேன்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் குழு இதை அளந்தே காட்டியிருக்கிறது, குளிர்ந்த ஒயினில் இழப்பு இன்னும் குறைவு. முதலில் இரண்டு விரற்கடை ஊற்றி, நுரை அடங்கியதும் மீதியை நிரப்புங்கள்.

கிளாஸ் கழுவுவதை யாரும் சொல்லவில்லை. குமிழி தானாகப் பிறப்பதில்லை. கிளாஸ் சுவரில் ஒட்டியிருக்கும் பஞ்சு நார், தூசி ஆகியவற்றுக்குள் சிக்கிய காற்றில் இருந்துதான் ஒவ்வொரு சரமும் கிளம்புகிறது. ஒரே புள்ளியில் இருந்து மணிமணியாக ஏறும் கோட்டை உற்றுப் பார்த்தால் அடியில் ஒரு நார் இருக்கும். சோப்புப் படலமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை நிற்காது, ஒயின் செத்துப்போனது போலத் தெரியும். வெந்நீரில் மட்டும் அலசி, கவிழ்த்துக் காயவைத்து, ஊற்றும் முன் பருத்தித் துணியால் ஒரு முறை துடையுங்கள். குமிழி சிறிதாக இருந்தால் உயர்ந்த ஒயின் என்பார்களே, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாயு குறையக் குறையக் குமிழி சிறுக்கும், வயதின் அடையாளம் அது.

கடலோடி:

மூவருக்கும் நன்றி. வெள்ளை ஒயின் கிளாஸ் எட்டு இரவல் வாங்கிவிடுகிறேன். இன்னும் மூன்று: தொட்டுக்கொள்ள என்ன வைப்பது? வந்திருப்பவர்களில் பாதிப் பேர் காரம் இல்லாமல் சாப்பிட மாட்டார்கள். இனிப்போடு கேக் வெட்டும்போது ஊற்றலாமா? கெட்டுப்போன பாட்டில் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிலவறை:

கேக்கோடு கூடவே கூடாது. இது புரூத், இனிப்பு மிகக் குறைந்த வகை. இனிப்பைத் தின்ற வாய்க்கு இதே ஒயின் காடியாகப் புளிக்கும். கேக்குக்கு தெமி-செக் என்ற இனிப்பு ஷாம்பெயின் வாங்குங்கள்.

மிளகாய்க் காரமும் ஒத்து வராது. காரத்தின் எரிச்சலும் குமிழி குத்துவதும் சேர்ந்து ஒன்றை ஒன்று ஏற்றிவிடும், ஒயின் ருசி காணாமல் போகும். உப்பு, கொழுப்பு, மொறுமொறுப்பு இவைதான் இதற்குத் தோழர்கள். கோம்தே சீஸ், வெண்ணெயில் வதக்கிய காளான், தோலோடு ரோஸ்ட் செய்த கோழி எல்லாம் நன்றாகச் சேரும். நம் பலகாரத்தில் வெண்ணெய் முறுக்கு, உப்பு போட்டு வறுத்த முந்திரி, சட்னி இல்லாத சூடான உளுந்து வடை. எண்ணெயை இந்தப் புளிப்பு அருமையாக வெட்டும். காரக் குழம்பையெல்லாம் பாட்டில் காலியான பிறகு கொண்டுவாருங்கள்.

வடக்குத்தெரு:

கெட்டதா என்று பார்க்க, எல்லோருக்கும் ஊற்றும் முன் உங்கள் கிளாஸில் ஒரு வாய் ஊற்றி முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் பழுது. நல்ல குளிரில் இது மறைந்திருக்கும், அதனால் கிளாஸை உள்ளங்கையில் சற்று வைத்திருந்து மறுபடி முகருங்கள். வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை என்றால் வெளிச்சம் பட்டுக் கெட்டது. குழல்விளக்குக்கு அடியில் நின்ற பாட்டில்களில் இது சகஜம், நீங்கள் பெட்டியில் வைத்திருப்பதால் கவலை குறைவு. நிறம் பழுப்பேறி, அடிபட்ட ஆப்பிள் வாசம் மட்டும் தூக்கலாக வந்தால் கார்க் வழியே காற்றுப் புகுந்திருக்கிறது. பொன்னிறமாக இருப்பது மட்டும் குறையில்லை, இந்த வயதுக்கு அதுதான் நிறம்.

மீதம் இருந்தால் ஷாம்பெயினுக்கென்றே விற்கும் பிடிப்பான் மூடியைப் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாள் வரை நன்றாக இருக்கும். கழுத்தில் வெள்ளிக் கரண்டி செருகி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. எட்டுப் பேர் என்கிறீர்கள், மூடிக்கு வேலை வராது.