ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட் 109: இறக்கைச் சுமைக் கணக்கில் உதவி தேவை

வணக்கம். 1940-ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போரில் எதிரெதிரே நின்ற ஸ்பிட்ஃபயர் மார்க் 1, மெஸ்ஸர்ஷ்மிட் 109இ ஆகிய இரு போர் விமானங்களின் திருப்ப ஆரத்தைக் கணக்கிட முயன்று வருகிறேன். இரண்டின் எடையும் ஏறத்தாழ 2,600 கிலோ என்றாலும், ஸ்பிட்ஃபயரின் இறக்கைப் பரப்பு 22.5 சதுர மீட்டர். மற்றதற்கோ 16 சதுர மீட்டரைச் சற்றே மிஞ்சும். எனவே ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்கும் எடை, அதாவது இறக்கைச் சுமை, முன்னதில் சுமார் 116 கிலோவாகவும் பின்னதில் 160 கிலோவாகவும் அமைகிறது.

இந்த எண்களை மட்டும் கொண்டால் ஸ்பிட்ஃபயர் மிகக் குறுகிய வட்டத்தில் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் ஜெர்மானிய விமானத்தின் இறக்கை முன்விளிம்பில், தாக்குகோணம் (எதிர்வரும் காற்றுக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணம்) கூடும்போது தாமாகவே திறந்துகொள்ளும் பட்டைகள் இருந்தன. அவை காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிவதைத் தாமதப்படுத்தி, உச்சத் தூக்குவிசைக் கெழுவை (இறக்கை அதிகபட்சம் எவ்வளவு தூக்குவிசை தரக்கூடும் என்பதைக் குறிக்கும் எண்ணை) உயர்த்தின. திருப்ப ஆரம் இறக்கைச் சுமையை அந்தக் கெழுவால் வகுப்பதைப் பொறுத்தது என்பதால், அதைப் புறக்கணிப்பது அந்த விமானத்திற்கு அநீதி என்றே கருதுகிறேன்.

அப்பட்டைகள் இறக்கையின் வெளிப்பகுதியில் மட்டுமே அமைந்திருந்த நிலையில், முழு இறக்கைக்குமான கெழுவை எம்முறையில் மதிப்பிடுவது? உயரம் குறையாமல் தொடர்ந்து திரும்புவதற்கு எஞ்சின் ஆற்றலையும் எவ்வாறு சேர்ப்பது? வானூர்திப் பொறியியல் கற்றவர்கள் வழிமுறையை விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.