ஹேண்ட்ஸ்ஃப்ரீ சவுண்டு சரியில்லைனா குத்தம் ரப்பர்லயா பாட்டு ஃபைல்லயா? மலையகத்து ஆக்கள் அனுபவத்த சொல்லுங்க

கொட்டகலைப் பையன்:

ஹேண்ட்ஸ்ஃப்ரீல பேஸே (ட்ரம்ஸ் மாதிரி கனமான சத்தம்) வரலனு பொலம்புற முக்காவாசிப் பேருக்கு கோளாறு பாட்டுலயும் இல்ல செட்டுலயும் இல்ல, காதுக்குள்ள போற அந்த சின்ன ரப்பர்ல தான். சண்டைக்கு வர்றவங்க வாங்க.

நம்ம மாமா மகன் கொழும்புல வேல செய்றான், எல்லாரும் நல்லாருக்குனு சொல்ற ஒரு வயர் ஐஈஎம் (காதுக்குள்ள மாட்டுற ஹேண்ட்ஸ்ஃப்ரீ) வாங்கிக்கிட்டு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தான். வந்ததுல இருந்து ஒரே பொலம்பல், மச்சான் இது டூப்ளிகேட் சாமான் போல, பாட்டு மெல்லிசா கேக்குது, ட்ரம்ஸ் பக்கத்து லயத்துல அடிக்கிறாப்ல இருக்குனு. ஃபைல் தான் மோசம்னு அவனே முடிவு பண்ணி எல்லா பாட்டையும் ஃப்ளாக்ல (தரம் கொறயாம சுருக்குற ஃபைல்) திரும்ப டவுன்லோட் பண்ணி, டேட்டாவும் முடிஞ்சு போன் மெமரியும் ஃபுல்லு, சவுண்டு மட்டும் அதே சவுண்டு. பெட்டிய வாங்கிப் பாத்தா ஸ்மால், லார்ஜ் ரெண்டு ஜோடி ரப்பரும் கவர் கூட பிரிக்காம அப்பிடியே கெடக்கு. கம்பனில மாட்டி அனுப்புன மீடியத்தயே போட்டுக்கிட்டு இருக்கான். வலது காதுக்கு அது கச்சிதம், இடது காதுல போட்டா வாயத் தொறந்து நாலு வார்த்த பேசுனாலே லூசாவுது. இடதுக்கு மட்டும் லார்ஜ் மாட்டி, எதிர்க் கையால காது மடல மேலாக்க பின்னால இழுத்துப் புடிச்சுக்கிட்டு உள்ள தள்ளுடானேன். பாட்டு போட்டான், அப்பிடியே கண்ண மூடிட்டு உக்காந்துட்டான், அப்புறம் "என்னா மச்சான் இவ்ளோ பேஸ் இதுக்குள்ளயா இருந்திச்சு"ன்றான்.

பேஸுங்கிறது காதுக்குள்ள அடைபட்டு நிக்கிற காத்த அந்தச் சின்ன ஸ்பீக்கர் தள்ளி இழுக்கிறதுல வர்ற அழுத்தம், ரப்பருக்கும் காதுக்கும் நடுவுல ஒரு முடி அளவு இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் வெளிய போயிரும். கீச்சுச் சத்தத்துக்கு அந்த ஓட்ட பெருசா ஒன்னும் பண்ணாது, அதனால தான் பாட்டு நிக்காம மெல்லிசா மட்டும் ஆவுது, நாமளும் செட்டத் திட்டிட்டு இருப்போம். டெஸ்ட் பண்ண ஆப் எல்லாம் வேணாம். பேஸ் உள்ள பாட்டு ஒன்ன ஓட விட்டு ரெண்டு பக்கமும் வெரலால மெதுவா அமுக்குங்க, அமுக்குறப்போ மட்டும் பேஸ் ஏறிச்சுன்னா ரப்பர் காத ஒழுங்கா அடைக்கல, அதாவது சீல் ஆகலனு அர்த்தம். ரெண்டு காதும் ஒரே அளவா இருக்கணும்னு சட்டம் இல்ல, ஒரு பக்கம் மீடியம் ஒரு பக்கம் லார்ஜ் போட்டுக்கலாம்.

இன்னொன்னு, நம்ம ஊர்க் குளிருக்கு ஸ்வெட்டர் ஜாக்கெட் போட்டுக்கிட்டு நடக்கிறப்போ வயர் ஜிப்புல ஒரசுற சத்தம் அப்பிடியே காதுக்குள்ள ஏறும், சீல் நல்லா இருந்தா இன்னும் ஏறும். வயர காது மேல சுத்திப் பின்னால விட்டுட்டா ரொம்பவே கொறஞ்சிரும்.

பதுளை டீச்சர்:

தம்பி சொல்றது சரி, ஆனா என்னைய மாதிரி சின்னக் காதுக்காரங்களுக்கு ஸ்மால் சிலிக்கன் ரப்பரே வலிக்கும். நான் ஃபோம் டிப்புக்கு (பஞ்சு மாதிரி அமுங்குற ரப்பர்) மாறிட்டேன். வெரல்ல உருட்டி மெல்லிசாக்கி காதுல வச்சு, அது விரியிற வரைக்கும் ஒரு அர நிமிஷம் புடிச்சுக்கிட்டு இருக்கணும், அவ்வளவு தான். வெளிச்சத்தம் நல்லா அடங்கும், ஹைஸ் (கீச்சுச் சத்தம்) கொஞ்சம் மழுங்கும், சில சைனா செட்ல எஸ் எழுத்தெல்லாம் காதக் குத்துமே, அதுக்கு இந்த மழுங்கல் நல்லது தான். பாட்டுல வீணையும் ஜால்ராவும் பளிச்சுனு கேக்கணும்னு நெனக்கிறவங்களுக்கு ஃபோம் புடிக்காது, அவங்க வாய் அகலமான சிலிக்கன் போட்டுப் பாக்கட்டும்.

ஒரு டிசம்பர் லீவுக்கு நுவரெலியாவுல அக்கா வீட்ல நின்னேன், காலைல எடுத்தா ஃபோம் கட்டையா நிக்குது, அமுக்குனா அமுங்க மாட்டேங்குது, காதுல வச்சா விரியவும் மாட்டேங்குது. கெட்டுப் போச்சுனு நெனச்சிறாதீங்க, அந்த ஃபோம் சூட்டுக்கு எளகுற ஜாதி, சரியான குளிர்ல வெறைச்சிரும். உள்ளங்கைல கொஞ்ச நேரம் பொத்தி வச்சிருந்து போட்டா பழைய மாதிரி விரியும். ஆனா ஃபோமுக்கு ஆயுசு கம்மி, சில மாசத்துல பிஞ்சிரும், சிலிக்கன் தான் வருஷக்கணக்கா ஓடும், இளஞ்சூட்டுத் தண்ணில சோப்புப் போட்டுக் கழுவிக் காய வச்சாப் போதும்.

அப்புறம் எங்க வீட்டுக்காரர் செட்ல ஒரு பக்கம் சத்தம் பாதியாயிருச்சு. டவுன்ல ஒரு கடைல குடுத்தோம், திருப்பிக் கூடப் பாக்காம "இது முடிஞ்சிச்சு, புதுசு எடுங்க"ன்னாங்க. வீட்டுக்கு வந்து ரப்பரக் கழட்டுனா செட்டோட மூக்குல (ரப்பர் மாட்டுற குழாய்ல) இருக்கிற வலைல அழுக்கு அடைச்சிருக்கு. வலையக் கீழ பாக்கப் புடிச்சு (மேல பாக்கப் புடிச்சா அழுக்கு உள்ள விழும்) காஞ்ச டூத் பிரஷ்ஷால மெதுவாத் தட்டுனேன். இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

மஸ்கெலியா ரெக்கார்டிங்:

ரெண்டு பேரும் ரப்பரப் புடிச்சுக்கிட்டு ஃபைல மறந்துட்டீங்க. நான் தோட்டத்துல காமன் கூத்து ரெக்கார்ட் பண்றவன், மாசி மாசம் வந்தா தூக்கம் கெடையாது. தப்பு மேளத்த நெருப்புல காய்ச்சி அடிக்கிறப்போ அடிக்குச்சி விழுற அடியும், மூங்கில் சிம்பு (மெல்லிசான நீளக் குச்சி) படார்னு விழுறதும் தனித்தனியாத் தெரியணும். ரெக்கார்டர்ல வேவ் ஃபைலா (சுருக்காத ஃபைல்) கேட்டா தெரியும். அதயே தம்பிமார் போன்ல அனுப்பி, எவனோ 96 கேபிபிஎஸ்ல (இது தான் பிட்ரேட், செகண்டுக்கு எவ்ளோ டேட்டான்னு கணக்கு) எம்பி3 ஆக்கி, அத இன்னொருத்தன் எடிட் பண்ணி, கடைசில நமக்கே திரும்பி வர்றப்போ சிம்பு அடி ஒவ்வொன்னுக்கும் முன்னாலயே ஒரு சின்ன சலசலப்பு வருது, அடியோட கூர்மை போயிருது.

எம்பி3 பாட்ட துண்டு துண்டா வெட்டித் தான் சுருக்குது, ஒரு ஃப்ரேமுக்கு (துண்டுக்கு) 1152 சாம்பிள் (சத்தத்தோட அளவீடு), 44.1 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 26 மில்லி செகண்ட். திடீர்னு ஒரு அடி விழுந்தா சுருக்குறதால வர்ற இரைச்சல் அந்தத் துண்டுக்குள்ள பரவுது, அடிக்கு முந்துன அமைதிலயும் பரவுது, அது தான் அந்தச் சலசலப்பு. எம்பி3காரனும் இதத் தெரிஞ்சு வச்சு அந்த எடத்துல துண்டச் சின்னதா வெட்டுவான், ஆனா பிட்ரேட் கம்மியா இருந்தா அவனாலயும் சமாளிக்க முடியாது. வயலினும் கொரலும் தப்பிச்சுக்கும், தப்பும் கைதட்டலும் ஜால்ராவும் தான் மாட்டும்.

ஒன்ன மட்டும் எல்லாரும் மண்டைல ஏத்திக்குங்க, 128 ஃபைல 320 ஆக்குனாலும் ஃப்ளாக் ஆக்குனாலும் போனது போனது தான், மெமரி தான் வீண். அஞ்சு நிமிஷப் பாட்டு 128ல 5 எம்பிக்குக் கொஞ்சம் கொறய, 320ல 12 எம்பி, சிடில இருக்கிறபடி சுருக்காம வச்சா 50க்கு மேல, ஃப்ளாக் அதுல சுமார் பாதிக்கு வரும் ஆனா ஒரு பிட்டு கூட தொலையாது. ஒழுங்கா ஒரிஜினல்ல இருந்து எடுத்த 320ஐயும் ஃப்ளாக்கையும் மாத்தி மாத்திப் போட்டா எனக்கே பல பாட்டுல வித்தியாசம் புடிபடல, அத மறைக்க மாட்டேன். ஆனா 96ம் 128ம் வேற கத.

ஹட்டன் பஸ்:

அண்ணே பஸ்ல ஃப்ளாக்காவது ஒன்னாவது 😄 இன்ஜின் ஒறுமுறதுல பேஸ் பூரா மூழ்கிரும், சீல் இல்லாட்டி சத்தத்தக் கூட்டிக் கூட்டி காது தான் போகும்.

எனக்கு வேற ஒரு அனுபவம். ஹட்டன்ல நல்லா இருந்த சவுண்டு கினிகத்தேன வளைவெல்லாம் எறங்குறப்போ மங்கிக்கிட்டே வரும், அவிசாவளை வந்தும் சில நாள் அப்பிடியே இருக்கும். செட்டு போச்சுனு பயந்தேன். உயரத்துல இருந்து வேகமா எறங்குறதுல காது அடைச்சிருக்கு, செவிப்பறைக்கு உள்பக்கம் அழுத்தம் ஒத்து வரல. ரெண்டு பக்கமும் கழட்டி எச்சி முழுங்கிக் கொட்டாவி விட்டு அப்புறம் மாட்டுனா பழையபடி கேக்கும். ரம்பொட பக்கம் எறங்குறவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கும்.

தலவாக்கலை மகள்:

அம்மா கொழுந்து எடுக்கிறாங்க, கூட வேல செய்ற அக்கா ஒருத்தங்க ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு தான் மலைக்குப் போவாங்க. குளவி கெளம்பி மத்தவங்க கத்துனது அவங்களுக்கு மட்டும் கேக்கல, கங்காணி ஓடிப் போய்க் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தாரு. நல்ல சீல் நல்ல சீல்னு எல்லாரும் சொல்றீங்க, மலைல மட்டும் ஒரு காதுல போடச் சொல்லுங்க.

ஒரு கேள்வி, புளூடூத் பட்ல (வயர் இல்லாத ஹேண்ட்ஸ்ஃப்ரீல) ஃப்ளாக் போட்டா பிரயோஜனம் இருக்கா?

கொட்டகலைப் பையன்:

ரெக்கார்டிங் அண்ணே, தப்பு விஷயத்துல உங்க பேச்சுக்கு மறுபேச்சு இல்ல. ஆனா சீல் ஆகாத காதுல உங்க வேவ் ஃபைலே போட்டாலும் அடிக்குச்சி விழுற அடி ஒழுங்கா வராதே, அதனால வரிசைல ரப்பர் தான் முதல்ல நிக்குது.

தங்கச்சி, புளூடூத்ல போறப்போ போன் பாட்ட இன்னொரு தடவ சுருக்கித் தான் அனுப்பும். அந்தச் சுருக்குற முறை எஸ்பிசினா சுமார் 328 கேபிபிஎஸ் வரைக்கும், எல்டாக்னு இன்னொரு முறை இருந்தா 990 வரைக்கும், ஐபோன்ல எல்டாக்கே கெடையாது. நல்ல 320 ஃபைல் போதும், மிச்ச மெமரிக்கு வேற பாட்டு ஏத்திக்கலாம்.

பதுளை டீச்சர்:

தனியா ரப்பர் வாங்கப் போறவங்க செட்டயும் கையோட கொண்டு போங்க, எல்லா மூக்கும் ஒரே தடிப்பு இல்ல. பட்டுக்கு நீளமான ரப்பர் மாட்டுனா சார்ஜ் பெட்டி மூடாது, அதயும் கடைலயே மூடிப் பாத்துட்டுக் காசக் குடுங்க.