கை பட்ட கூண்டும் கை படாத கூண்டும்: மீன், இறால் வளர்ப்பில் நாம் கண்டவை

புக்கிட் தம்பூன் உறுப்பினர்:

அனைவருக்கும் வணக்கம். மீனோ இறாலோ வளர்ப்பவர்கள், அவை தம் கண்முன் நோயில் விழுந்த அனுபவத்தை இந்த இழையில் எழுதினால் மற்றவர்களுக்கு உதவும் என்று கருதி, என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

பினாங்கில், புலாவ் அமான் தீவுக்குப் போகும் வழியில் மிதவைக் கூண்டுகளில் சியாக்காப் வளர்க்கும் ஒரு தவுக்கேயிடம் (முதலாளியிடம்) எட்டாண்டுகளாக வேலை பார்க்கிறேன். தமிழ்நாட்டில் கொடுவா என்று சொல்வது இந்த மீனைத்தான். தன்னினத்தையே விழுங்கும் மீன் என்பதால், இளம் பருவத்தில் பெரியதையும் சிறியதையும் அடிக்கடி பிரித்துவிட வேண்டும். வலைக்கண்களைக் கொட்டலசும் சிப்பியும் அடைத்துக்கொண்டால் வலையையும் மாற்ற வேண்டும். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேலைகளையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். நண்பகல் வெயில், நீரோ, இங்குள்ளவர்கள் 'ஆயர் மாத்தி' என்று சொல்லும் ஓட்டமற்ற நீர். இரண்டு கூண்டுகளை முடிப்பதற்குள் எங்களுக்கே தாங்காமல் போனதால் மூன்றாவதைத் தொடாமல் விட்டுவிட்டோம்.

அன்று மாலை அந்த இரண்டு கூண்டு மீன்களும் தீவனத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான்காம் நாள் துடுப்புகளின் அடியில் செந்திட்டுகளும், சிலவற்றின் கண்களில் வெண்படலமும் தெரிந்தன. ஐந்தாம் நாள் காலையில் நாற்பத்தாறு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. யாரோ தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது, எங்களோடு வேலை செய்யும் வயதான பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர் ஒன்றும் பேசாமல் மூன்றாவது கூண்டில் ஒரு பிடி தீவனத்தை வீசினார். நீர் கொதிப்பதுபோல் மீன்கள் எழும்பின. "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய்?" என்று மட்டும் கேட்டார். மூன்று கூண்டுகளுக்கும் ஒரே நீர். இடையில் இருப்பதோ ஒரு நடைபலகை அகலம். பரிசோதனையில் விப்ரியோ நுண்கிருமி என்று வந்தது. ஆனால் விப்ரியோ கடல்நீரில் எப்போதும் இருப்பது. மூன்றாவது கூண்டு மட்டும் அதற்கு விலக்காக இருந்திருக்காது.

பிறகு, இறந்த மீன்களை அறுத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நமக்கு எலும்பு மஜ்ஜையில் நடக்கும் இரத்த அணு உற்பத்தி, மீனில் தலைக்குப் பின்னால், முதுகெலும்பின் கீழே கருஞ்சிவப்பாக ஒட்டிக் கிடக்கும் தலைச் சிறுநீரகத்தில் நடக்கிறது. மீன் மிரளும்போது மூளையும் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் அனுப்பும் கட்டளையை ஏற்றுக் கார்டிசோல் என்னும் அழுத்த ஹார்மோனைச் சுரக்கும் உயிரணுக்கள் இருப்பதும் இதே திசுவில்தான். முதலில் சில நொடிகளிலேயே அட்ரினலின் பாய்கிறது. இதயத் துடிப்பும் இரத்தச் சர்க்கரையும் ஏறுகின்றன. சில நிமிடங்களில் கார்டிசோல் ஏறுகிறது. ஒரு விரட்டலோடு முடிந்தால் இது மீனைக் காக்கும் ஏற்பாடு. மணிக்கணக்கில் வலையில் நெருக்குண்டு, மூச்சுக்குத் திணறி, மறுபடியும் வாளியில் தூக்கப்படும் மீனிலோ கார்டிசோல் தணியாமல் நீடித்து, வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் எதிர்ப்பொருள் உற்பத்தியையும் குறைத்துவிடுகிறது.

இன்னொரு சேதத்தை என் கையுறையிலேயே பார்த்தேன். அன்று மாலை அதைக் கழற்றியபோது, காய்ந்த பசைபோல விரல்களுக்கிடையே செதில்களோடு ஒட்டியிருந்தது மீனின் மேல்தோல் சளி. கிருமியின் சுவரைக் கரைக்கும் லைசோசைமும் எதிர்ப்பொருள்களும் அந்தச் சளியில்தான் இருக்கின்றன. மீனின் முதல் வேலியை என் கையாலேயே வழித்தெடுத்திருக்கிறேன்.

குளுகோர் உறுப்பினர்:

முதுகலை ஆய்வுக்காக மீன்களின் கார்டிசோலை அளந்தவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரே தொட்டியிலிருந்து எட்டு மீன்களை ஒவ்வொன்றாக வலையில் எடுத்து இரத்தம் எடுத்தபோது, முதல் மீனின் அளவு குறைவாகவும் எட்டாவதன் அளவு பல மடங்காகவும் இருந்தன. அதன் முறை வரும்வரை எட்டாவது மீனை நான் தொடக்கூட இல்லை. வலை ஏழு முறை உள்ளே வந்து போனதே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அமைதியான நிலையின் அளவு வேண்டுமென்றால், தொட்டியைக் கலக்கிய மூன்று நிமிடங்களுக்குள் ஊசியை ஏற்றிவிட வேண்டும் என்று எங்கள் மேற்பார்வையாளர் முன்பே சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை; மூன்று வார உழைப்பு வீணானது.

அதன் பிறகு மாதிரி எடுக்கும் மீன்களைக் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கினோம். கிராம்பிலுள்ள யூஜெனால் மீனை மயங்கச் செய்யும். பாலேக் பூலாவில் என் பாட்டி பல்வலிக்கு வைத்த அதே கிராம்புதான்.

நிபோங் திபால் உறுப்பினர்:

நான் ஓர் இறால் பண்ணையின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்தவன். மீன்காரர்கள் எதிர்ப்பொருள் பற்றி எழுதுவதைப் பார்த்தால் எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருக்கிறது. இறாலுக்கு எதிர்ப்பொருளே கிடையாது. அதனால் மீனுக்குப் போடுவதுபோல் தடுப்பூசி போட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கவும் முடியாது. இறாலின் இரத்தத்தில் மிதக்கும் அணுக்கள் கிருமியை விழுங்கும், சுற்றிவளைத்து முடிச்சாக்கும், கறுப்பு நிறமியைக் கொட்டிக் கிருமியையும் காயத்தையும் மூடும். அதன் படை அவ்வளவுதான்.

அந்தக் கறுப்பை நீங்கள் சந்தையிலும் பார்த்திருப்பீர்கள். உயிரோடு பிடித்த இறாலின் ஓட்டில் தெரியும் கரும்புள்ளி, பெரும்பாலும் பழைய காயத்தை அது தானே அடைத்துக்கொண்ட தழும்பு. ஐஸில் கிடந்த இறாலின் தலை கறுப்பதும் அந்தக் கறுப்பு நிறமியை உண்டாக்கும் அதே நொதியின் வேலைதான். ஆனால் அது உயிர் போன பிறகு கட்டுப்பாடின்றி நடப்பது.

ஒரு நவம்பர் மாதம், இரவெல்லாம் பெய்த மழைக்கு முந்திய நாளும் மறுநாளும் ஒரே குளத்தில் இறால்களின் இரத்தத்தை எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. வாலுக்கு முந்திய கண்டங்களின் அடிப்பகுதியில் ஊசியை ஏற்றினால், தெளிந்த, இலேசாக நீலம் பாய்ந்த துளி வரும். நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை இறாலில் தாமிரம் செய்வதால் அந்த நீலம். உறையாமல் தடுக்கும் கரைசலை ஊசிக்குள் முன்பே இழுத்து வைக்க மறந்தால், துளி உறைந்து, எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மழைக்குப் பிறகு எடுத்த துளிகளில் அணுக்கள் பாதியாகக் குறைந்திருந்தன. மழைநீர் குளத்தின் மேற்பரப்பில் தங்கி உப்புத்தன்மையைக் குறைத்திருந்தது. மேகமூட்டத்தில் பாசிகள் போதிய பிராணவாயுவை வெளியிடவில்லை. விடியற்காலையில் அடிநீர் மூச்சுக்கே போதாத நிலையில் இருந்தது. அன்று எந்த இறாலும் சாகவில்லை என்பதால் மேலாளர் சிரித்தார். அடுத்த வாரம் ஓடு கழற்றும் நேரத்தில் அவை மடியத் தொடங்கின.

2011-இல் மலேசியப் பண்ணைகளைத் தாக்கிய திடீர் மரண நோயை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். குளத்தில் விட்ட முப்பது நாற்பது நாள்களுக்குள் இறால்கள், கல்லீரலும் கணையமும் ஒன்றாய் அமைந்த கல்லீரல்-கணையம் வெளிறிச் செத்தன. 2013-இல்தான் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு, ஒரு வகை விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ்தான் காரணம் என்று கண்டறிந்தது. அந்தக் கிருமி கக்கும் நஞ்சு அந்தக் கல்லீரல்-கணையத்தையே சிதைக்கிறது. எனவே எல்லாப் பழியையும் நம் கைமேல் போட்டுக்கொள்ளவும் வேண்டாம் என்பது என் கருத்து. சில கிருமிகள் திடமாக இருக்கும் உயிரையும் வீழ்த்தும்.

பாலேக் பூலாவ் உறுப்பினர்:

நான் எதையும் வளர்ப்பவனல்ல. சதுப்புக் கரையில் ஒரு முறை, கிழிந்த வலையில் சிக்கிய பெலாங்காஸ் ஒன்றைப் பார்த்தேன். தமிழில் குதிரைலாட நண்டு என்கிறார்கள், ஆனால் அது நண்டைவிடச் சிலந்திக்கே நெருங்கிய உறவு. அதன் ஒரு கால் முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் வெளிர் நீலத்தில் கஞ்சி ஆடைபோல ஏதோ உறைந்து நின்றது. சேற்றில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும் இடத்தில், காயத்தை அந்த உறைவு அடைத்துவிட்டது. வலையை அறுத்துவிட்டதும் அது நீரை நோக்கி ஊர்ந்துபோயிற்று.

அந்த இரத்தத்தின் உறையும் குணத்தை ஃபிரெடரிக் பேங் என்பவர் 1956-இல் எழுதினார். கிருமிகளின் நச்சு இம்மியளவு இருந்தாலும் அது உறைந்துவிடுவதால், ஊசி மருந்துகளைச் சோதிக்க இன்றும் பயன்படுகிறது. நம் கரையிலும் வாழும் ஓர் இனத்தின் மரபணுவைக் கொண்டு, அந்த விலங்கிடமிருந்து இரத்தம் எடுக்காமலே அதே சோதனையைச் செய்யும் வழியைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங்கும் ஹோ போவும் கண்டுபிடித்தார்கள்.

புக்கிட் தம்பூன் உறுப்பினர்:

நிபோங் திபால் அன்பர் சொன்னதை ஏற்கிறேன். எல்லாவற்றுக்கும் கை காரணமல்ல. இருப்பினும் என் வேலையில் மாற்றியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மீனைக் கையாளும் நாளுக்கு முந்திய நாளே தீவனத்தை நிறுத்திவிடுகிறோம். காலை ஏழு மணிக்கு, நீர் நன்றாக ஓடும் நாளில், மேலே கறுப்பு வலையை நிழலுக்குக் கட்டி, ஒரு கூண்டை மட்டும் கையாளுகிறோம். முடிச்சில்லாத வலையைத்தான் பயன்படுத்துகிறோம். நனைக்காத கையால் மீனைத் தொடுவதில்லை. பிரிக்கும் வேலைக்கும் வலை மாற்றுவதற்கும் இடையே இரண்டு வாரம் விடுகிறோம். ஒவ்வொரு கூண்டின் பலகையிலும், கடைசியாகக் கை பட்ட தேதியைப் பாக்சிக் சுண்ணக்கட்டியால் எழுதி வைக்கிறார். மழையில் அது அழிந்துவிடுகிறது என்று நான் பெயின்ட் வாங்கிக் கொடுத்தேன். அவர் இன்னும் அதைத் திறக்கவில்லை.