ஏ.டி.வி. முன் ஆக்சில் பூட் கிழிந்துவிட்டது, பூட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

காப்பித்தோட்டம்
தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஏ.டி.வி. (காடுமேட்டில் ஓட்டுகிற நான்கு சக்கர வண்டி) ஒன்று ஓடுகிறது. உரமூட்டை, தண்ணீர் டிரம் எல்லாம் அதில்தான். நேற்று கழுவும்போது பார்த்தால் வலது முன்சக்கரத்தின் உள்பக்க ரிம் முழுக்கக் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கிறது. குனிந்து பார்த்தேன், சக்கரத்தை ஒட்டிய பூட்டில், அதாவது ஆக்சில் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையில், மடிப்போடு மடிப்பாக விரல் நீளத்துக்குக் கிழிசல். சத்தம் எதுவும் இல்லை. மெக்கானிக் ஆக்சிலையே மாற்றச் சொல்கிறார். பூட்டை மட்டும் நானே மாற்ற முடியுமா? அதுவரை டேப் சுற்றி ஓட்டலாமா?

ஸ்பானர் செட்
டேப் வேண்டாம் சார், கிரீஸ் பட்ட ரப்பரில் ஒட்டவே ஒட்டாது. கிரீஸ் வெளியே போவதைவிட மண் உள்ளே போவதுதான் ஆபத்து, ஈர மண்ணும் கிரீஸும் கலந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரி. முதலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, இரண்டு பக்கமும் மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். டக் டக் என்று கேட்டால் ஜாயிண்டுக்குள்ளே குண்டு ஓடும் பள்ளம் தேய்ந்துவிட்டது, அப்போது மெக்கானிக் சொல்வது சரி. கேட்கவில்லையென்றால் பூட் கிட் போதும், அதிலேயே கிளாம்ப், ஜாயிண்டை ஷாஃப்டில் பிடித்து வைக்கும் லாக் வளையம், கிரீஸ் பாக்கெட் வரும்.

ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்கள். பால் ஜாயிண்டைக் கழற்றி, சக்கர ஹப்பைத் தாங்கும் நக்கிளை வெளியே சாய்த்தால் ஆக்சில் ஷாஃப்ட் ஹப்பிலிருந்து வந்துவிடும். டிஃபரன்ஷியல் (நடுவில் இருக்கும் கியர் பெட்டி) பக்கம் இருக்கும் ஜாயிண்டின் கிண்ணத்தைப் பிடித்து நேராக வெடுக்கென்று இழுக்க வேண்டும், ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயிண்ட் பிரிந்து இன்னொரு வேலை வைக்கும். கொஞ்சம் ஆயில் ஒழுகும், அடியில் தட்டு வையுங்கள்.

மண்சாலை
வெட்டி ஒட்டுகிற பூட் கிடைக்கிறதே, ஆக்சிலைக் கழற்றவே வேண்டாமே?

ஸ்பானர் செட்
அதை நானும் போட்டேன் நண்பா. ஒரு மழைக்குத் தாங்கவில்லை. ஒட்டும் இடத்தில் துளி கிரீஸ் இருந்தாலும் பிரிந்துவிடும், காட்டுக்குள் படுத்துக்கொண்டு அந்த இடத்தை யார் சுத்தமாகத் துடைப்பது?

காப்பித்தோட்டம்
வட்டமடித்துப் பார்த்தேன், சத்தம் இல்லை. ஆக்சிலும் வெளியே வந்துவிட்டது. ஆனால் சக்கரப் பக்க ஜாயிண்ட் ஷாஃப்டை விட்டுக் கழலவில்லை.

ஸ்பானர் செட்
கிரீஸைத் துடைத்துவிட்டு உள்ளே பாருங்கள். விரிக்கிற மாதிரி லாக் தெரிந்தால் லாக் பிளையரால் விரித்துக்கொண்டே இழுக்க வேண்டும். எதுவும் தெரியவில்லையென்றால் ஷாஃப்டை வைஸில் பிடித்து, பித்தளைக் கம்பியை ஜாயிண்டின் உள்வளையத்தில் வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டில் அடிக்காதீர்கள், உடைந்துவிடும். பழைய கிரீஸை டீசலில் கழுவிக் காயவைத்து, குண்டுகளைச் சாய்த்துச் சாய்த்துப் பள்ளங்களைப் பாருங்கள். பளபளப்பு இருக்கலாம், நகத்தில் தட்டுப்படுகிற குழி இருக்கக்கூடாது. கிரீஸ் மாலிப்டினம் கலந்ததாக இருக்கட்டும். பூட்டை ஏற்றும்போது ஷாஃப்டின் பல்லில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் புது ரப்பரே கீறிவிடும். பெரிய கிளாம்ப்பை இறுக்குமுன் விளிம்பில் சின்ன ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து உள்ளே அடைபட்ட காற்றை விடுங்கள். நைலான் டை போட்டுச் சமாளிக்காதீர்கள், காது வைத்த கிளாம்ப்பை நெருக்குகிற குறடு வாங்குங்கள்.

காப்பித்தோட்டம்
முடித்துவிட்டேன்! காலையில் ஆரம்பித்தது, சாயங்காலம் ஆகிவிட்டது. பாதி நேரம் என் முட்டாள்தனத்தில் போனது. ஜாயிண்டை அடித்து ஏற்றி, லாக் விழுந்த சத்தம் கேட்டுச் சந்தோஷப்பட்டுத் திரும்பினால் பூட் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. மறுபடி கழற்றல், மறுபடி அடி. சரி, இனிக் கிழியாமல் இருக்க என்ன செய்வது?

மேட்டுக்காடு
உங்கள் பக்கம் உண்ணிச்செடி உண்டா? அதைச் சாய்வாக வெட்டிவிட்டுப் போனால் கட்டை ஈட்டி மாதிரி நிற்கும், எங்கள் வண்டியில் இரண்டு பூட் அப்படித்தான் போனது. வண்டித் தடத்தில் மட்டுமாவது வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள். சக்கரத்தைத் தாங்கும் ஏ ஆர்மில் மாட்டுகிற பிளாஸ்டிக் கார்டு வாங்கிப் போடலாம், ஆனால் அதற்கும் பூட்டுக்கும் நடுவில் அடைகிற சேற்றைக் காயுமுன் கழுவிவிட வேண்டும், காய்ந்த சேறும் ரப்பரை அரைக்கும். கழுவும்போது பிரஷர் வாஷரைப் பூட்டின் விளிம்புக்கு நேராகப் பிடிக்காதீர்கள், தண்ணீர் உள்ளே போய்விடும். ஷாஃப்டில் கொடி, வேலிக்கம்பி சுற்றியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.

காப்பித்தோட்டம்
உண்ணிச்செடிதான் அண்ணா! கிழிந்த பூட்டின் மடிப்புக்குள் சுள்ளித் துண்டு ஒன்று சிக்கியிருந்தது, நான்தான் கவனிக்காமல் தட்டிவிட்டேன். இடது பக்கப் பூட்டையும் விரித்துப் பார்த்தேன், மடிப்பின் அடியில் மயிரிழை வெடிப்பு தெரிகிறது. இன்னொரு கிட் சொல்லிவிட்டேன்.

ஸ்பானர் செட்
இந்த முறை பூட்டை முதலில் மாட்டுங்கள் சார்.